நான் கூப்பிடாத பெயர்

அன்பு மகன் குகனுக்கு,

சுகமா என்று கேட்கும் கடிதம் இல்லை இது. நீ நேற்றுத்தான் பரந்தனிலிருந்து குடும்பத்தோடு வந்து, புட்டும் கோழிக்கறியும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்து குறட்டையும் விட்டுப் போனாய். சுகமாகத்தான் இருக்கிறாய். சொல்ல இருப்பதை போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. உறையை ஒட்டாமலே அனுப்புகிறேன். சுகந்தி வாசிக்கட்டும், அக்காமார் இரண்டு பேரும் வாசிக்கட்டும், உன் கடைக்கு ஆணி வாங்க வருகிறவன் எடுத்து வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. வெட்கப்பட வேண்டிய காலத்தில் நான் வெட்கப்படவில்லை. இனிப் பட்டு என்ன? புதன்கிழமைக்கு முன் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும். அதுதான் என் அவசரம்.

புதன்கிழமை என்ன என்று உனக்குத் தெரியும். சுகந்தியின் கையில், தோலுக்கு அடியில், பிள்ளை தங்காமல் இருக்க வைத்த குச்சியை எடுக்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகப் போகிறாய். நேற்று நீ இதை எனக்கு நல்ல செய்தி போலச் சொன்னாய். குசினிக்குள் அவள் சொன்னது வேறு. இரண்டாவது பிள்ளைக்கு வயிறு வெட்டிச் சீசர் செய்தபோது இரத்தம் நிற்கவில்லை என்பதும், மூன்றாவது வயிற்றில் தங்கினால் பழைய தையல் தாங்காது, தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகலாம் என்று பெரிய டொக்டர் உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார் என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும். "மாமி, இவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். வெளிய வந்து, டொக்டர்மார் அப்பிடித்தான் வெருட்டுவினம் எண்டு சொல்லிப்போட்டார்" என்றாள். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். கை நிற்கவில்லை, கண்ணீர் மட்டும் திருவலையில் விழுந்துகொண்டிருந்தது. உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூக்கும் முழியுமாக. இன்னும் ஒரு ஆண் வேண்டுமாம், பேர் சொல்ல. எந்தப் பேரை மகனே? நீ சுமக்கிற பேர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா?

அதைவிட இரவு முழுக்க என்னைத் தூங்க விடாதது வேறொன்று. உன் இளையவள் மதுரா காரால் இறங்கியபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தலைமயிரை ஒட்ட வெட்டி, காற்சட்டையும் பெடியன்களின் சேர்ட்டும் போட்டு விட்டிருந்தாய். "இவள் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வளர்ந்தால் பின்னால தம்பி வருவானாம், கடைக்கு வாற ஆக்கள் சொல்லுகினம் அம்மா" என்று சிரித்தாய். சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் நின்று அவளைக் கூப்பிட்டாய். "குட்டிக் குகன்! ஓடி வா!" உன் பேரையே அவளுக்கு வைத்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை மாமரத்தடியில் அப்படியே நின்றாள். ஏன் ஓம் என்று பதில் குரல் கொடுக்கவில்லை என்று நீ கேட்டாய். அவள் வயலுக்கு அப்பால், காட்டுப் பக்கம் கையை நீட்டி, "மற்ற ஆள் சொல்லிப்போட்டார்" என்றாள். நீ சிரித்தாய். சுகந்தியும் சிரித்தாள். நான் போய், ஏற்கெனவே தீன் போட்ட கோழிகளுக்குத் திரும்பவும் தீன் போட்டேன்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கலியாண மண்டப வாசலில், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தாயே, மூன்று வயதில் கதிரையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையுமாக நிற்கிற படம். வந்தவர்கள் எல்லாரும் "அப்பிடியே குகன்தான்" என்றார்கள். சுகந்தி மட்டும் கெட்டிக்காரி. "மாமி, இவருக்குச் சின்னனில காது குத்தினதோ? படத்தில ஓட்டை தெரியுது" என்று கேட்டாள். தூர்ந்துபோய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மகனே, உனக்குக் காது குத்தியதே இல்லை. கண்ணாடியில் பார். அந்தப் படத்தில் நிற்பது நீ இல்லை.

அது உன் மூன்றாவது அக்கா. உனக்கு இரண்டு அக்காமார் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? மூன்று பேர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அவள் பேர் வதனி. அந்தப் பேரை நான் பதிவாளரிடம் ஒரு தரம் சொன்னேன், அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒருவரும் சொல்லவில்லை.

உடையார்கட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் காணி வெட்டிக் குடியேறிய காலம் அது. உன் அப்பாவின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்தது, என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான், ஆண் பிள்ளை வேண்டும் என்பது. மூத்தவள் பிறந்தபோது வீட்டுக்கு விளக்கு என்றார்கள். இரண்டாவதுக்கு, சரி, அக்காவுக்குத் துணை என்றார்கள். மூன்றாவது பிறந்தபோது, கொண்டுவந்த கற்கண்டைத் திரும்பக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மருத்துவமாது நல்ல மனுசி. மழையிலும் சைக்கிளில் வந்து, "தங்கச்சி, உமக்கு இரத்தம் காணாது. கொஞ்சக் காலம் உடம்பை ஆற விடும்" என்று பிள்ளை தங்காமலிருக்கக் குளிசை தந்துவிட்டுப் போவா. ஓம் ஓம் என்று வாங்கி, ஒவ்வொரு கிழமையும் வாழையடியில் கிளறிப் புதைத்தேன். அந்த வாழை கடைசிவரை குலை தள்ளவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். மற்றவர்கள் கேட்டதால் பெற்றேன் என்று நான் பழி போட மாட்டேன். எனக்கே வேண்டியிருந்தது. ஆண் பெற்றவள் கோயில் முன்வரிசையில் நிற்கிற நிலையை நான் பார்த்திருக்கிறேன், எனக்கும் அப்படி நிற்க ஆசை.

கடைசிப் பெண்ணை ஆணாக வளர்த்தால் வழி திறக்கும் என்றார்கள். வதனிக்கு மூன்று மாதத்தில் காது குத்தியிருந்தோம், அதோடு அவளுக்குப் பெண் பிள்ளைக்குரிய எல்லாவற்றையும் நிறுத்தினேன். வரப்போகிறவனுக்கு என்று நான் மனதில் வைத்திருந்த பேரால் அவளைக் கூப்பிட்டேன். குகன் என்றால் திரும்பிப் பார்ப்பாள், குகன் என்றால் ஓடி வருவாள். "ஓம் அம்மா!" என்று அந்தக் குரல் வயல் முழுக்கக் கேட்கும். நானும் அப்பாவும் அவளை அவன் இவன் என்றுதான் கதைத்தோம். அவளுக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடித்திருந்தது. அப்பாவின் தோளில் ஏறி உலக்கைபோல் நிமிர்ந்து உட்கார்ந்து வயலுக்குப் போவாள். அந்த வீட்டில் அப்பா தோளில் ஏற்றிய ஒரே பெண் பிள்ளை அவள்தான், ஏற்றியதும் அவளை இல்லை, உன்னைத்தான். நீ பிறக்க நான்கு வருடம் இருக்கும்போதே உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

பிறகு நீ பிறந்தாய். போதும் என்ற சொல் அன்றுதான் என் வாயில் முதல் தரம் வந்தது. நானே ஆசுபத்திரியில் கேட்டு, அந்தக் கிழமையே ஒப்பரேசன் செய்துகொண்டு வந்தேன். என் இரத்தம் காணாது என்பது அப்போதுதான் எனக்கும் நினைவுக்கு வந்தது, பார்த்தாயா?

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து உனக்குப் பேர் வைத்தோம். வீடு நிறைய ஆட்கள். என் அண்ணன் உன்னை மடியில் வைத்து, காதருகில் குனிந்து, "குகன், குகன், குகன்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லி முடியவில்லை, வெளியே விளையாடிக்கொண்டிருந்தவள் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நின்று, "ஓம்! என்னையோ கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உன்னை இல்லையடி, தம்பியை. நீ இனி வதனி" என்றேன். சட்டையை மாற்றினால் சரி என்று நினைத்தேன். ஒரு கவுண் போட்டுவிட்டு, காற்சட்டைகளைத் துவைத்து உனக்கென்று மடித்து வைத்தேன்.

அவள் வதனிக்குத் திரும்பவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று காதுக்குள் கத்தினாலும், பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்ப்பாள். உன்னை நான் கூப்பிட்டால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்னையோ அம்மா?" என்று கேட்பாள். உன்னை இல்லை என்பேன், போவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. தென்னை ஈர்க்கால் காலில் அடித்தேன். "இனி அந்தப் பேருக்கு வாய் திறந்தியோ, பார்!" என்றேன். அதற்குப் பிறகு அவள் வருவதில்லை. கூப்பிட்ட இடத்தை ஒரு தரம் பார்ப்பாள், தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளை திருந்திவிட்டது என்று நான் அயலில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

உனக்கு இரண்டு வயது, அவளுக்கு ஆறு வயது. பாலைப்பழக் காலம். அயல் பெண்களும் பிள்ளைகளும் விடியக் காட்டுக்குப் போனபோது அவளும் பின்னால் போயிருக்கிறாள். மத்தியானம் எல்லாரும் திரும்பி வந்தார்கள், அவள் வரவில்லை. அவளைத் தங்களோடு கண்டதாக ஒருவரும் உறுதியாகச் சொல்லவுமில்லை. அவ்வளவு சத்தமில்லாத பிள்ளையாக ஆகியிருந்தாள். ஊர் ஆண்கள் எல்லாரும் இறங்கினார்கள். "வதனீ! வதனீ!" என்று காடு அதிரக் கூப்பிட்டார்கள். நான் காட்டோரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும் மகனே. அந்த நேரமே தெரியும், அவர்கள் கூப்பிடுவது அவளுடைய பேர் இல்லை என்று. எந்தப் பேருக்கு அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்தார். அவர் தேனுக்கும் தடிக்கும் காடு போய் வந்தவர், காட்டுக்குள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் அந்தப் பேரைக் காடு வைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர். "வேணாம். அந்தப் பேர காட்டுல கூப்புடாத. நமக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆம்பளப் புள்ள" என்றார்.

அவர் என் வாயைப் பொத்தவில்லை. நானே பொத்திக்கொண்டேன். வதனி என்ற பேரைக் காட்டுக்குக் கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தயக்கமும் வரவில்லை, அதைக் கவனித்தாயா? உன் பேரைத்தான் கொடுக்க முடியவில்லை. நீ என் இடுப்பில் இருந்து என் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். பொழுதுபடும்வரை நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். ஒரு சத்தம் நான் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை கண்டெடுத்தார்கள். காய்ந்த மடு ஒன்றின் கரையில், வீரை மரத்தில் சாய்ந்தபடி இருந்தாளாம். தூரத்தில் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிட்டது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று தூக்கி வந்தவர் சொன்னார், பிறகு என் முகத்தைப் பார்த்து அந்தக் கதையை விட்டுவிட்டார். பாலைப்பழத்தின் பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டியிருந்தது. நான் வெந்நீர் தொட்டுத் துடைத்துப் பிரித்தேன். அக்காமாரிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன், இவளைப் பற்றித் தம்பியிடம் வாய் திறக்கக் கூடாது என்று. படத்தை மட்டும் எறிய மனம் வரவில்லை. அது நீதான் என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. இருபது வருடம் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பேய் இல்லை என்று படிப்பித்தவள் நான். கேட்டதை மட்டும் சொல்கிறேன். உனக்கு ஐந்து வயதில், குசினிக்குள் நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் ஓம் எண்டு சொல்ல முதல் ஆரோ சொல்லிப்போட்டினம்" என்றாய். உன் கன்னத்தில் அறைந்தேன். அந்த அடி உனக்கு நினைவிருக்கிறது என்று போன வருடமும் பகிடியாகச் சொன்னாய், ஏன் அடித்தேன் என்பது மறந்துவிட்டது. அன்று அந்த ஓம் எனக்கும் கேட்டது, அதனால்தான் அடித்தேன். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அது இல்லை. திரும்பி வந்து இதே காணியில் வீடு கட்டிய பின் மறுபடி தொடங்கியது. நான் உன்னைச் சத்தமாகக் கூப்பிடுவதை விட்டேன். எத்தனை தரம் கேட்டிருக்கிறாய், "ஏன் அம்மா, பக்கத்தில வந்து தோளைத் தட்டித்தான் கூப்பிடுவீங்களோ?" என்று. இப்போது தெரிகிறதா?

முன்பள்ளியில் காலையில் பேர் வாசிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி "ஓம் ரீச்சர்" என்று சொல்லி முடிக்கும்வரை அடுத்த பேருக்குப் போக மாட்டேன். மெதுவான ரீச்சர் என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். செய்த பாவத்துக்கு அது ஒரு கழுவாய் என்று நினைத்துக்கொண்டேன், வேறென்ன. மகனே, நீ பிறந்ததில் உன் பிழை ஒன்றும் இல்லை. உன்னை நான் குறைத்து நேசித்ததும் இல்லை. ஆனால் என் வீட்டில் ஒரு ஆண் வர ஒரு பெண் இடம் விட்டாள். உன் வீட்டில் இரண்டு பேர் இடம் விட நிற்கிறார்கள், ஒன்று மதுரா, மற்றது சுகந்தி. அந்தக் குச்சி இருக்க வேண்டுமா எடுக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டியது அந்தக் கைக்குரியவள். நீ இல்லை, நானும் இல்லை. அவளைக் கேட்டாயா? டொக்டர் முன்னால் இல்லை, உன் அக்காமார் முன்னால் இல்லை, தனியாக இருத்திக் கேட்டாயா? பதில் சொன்னால் நீ முகத்தைத் திருப்ப மாட்டாய் என்ற தைரியம் அவளுக்கு இருக்கிறதா?

இதுவரை காலையில் எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்க்க, புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள் எழுதியது போலத்தான் இருந்தது. அதனால் பேனையை வைத்துவிட்டு, மத்தியான வெயிலில் வரம்பால் நடந்து போனேன், அன்று நின்ற அதே இடத்துக்கு. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் நான் அங்கே போனதில்லை. காற்றில்லை, ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. முதலில் "வதனி" என்று கூப்பிட்டேன். நன்றாகக் குரலெடுத்து, மூன்று தரம். ஒன்றும் இல்லை. பாவம், அது தன் பேர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பழக்கவில்லையே. பிறகு, நீ என்னை மன்னிக்க வேண்டும், அன்று கூப்பிடாத பேரைக் கூப்பிட்டேன். "குகன்!" என்றேன்.

கொஞ்ச நேரம் எடுத்தது. மரங்களுக்குள்ளிருந்து, நல்ல கிட்டத்திலிருந்து, ஈர்க்கடிக்குப் பயந்த பிள்ளையின் குரலில் கேட்டது.

"என்னையோ அம்மா?"

"ஓம் ராசாத்தி," என்றேன். "உன்னைத்தான்."

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அங்கேயே இருந்து அழுதுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தபாலில் போடாமல், நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு நானே பரந்தனுக்கு வருகிறேன், புதன்கிழமை வீட்டில் நிற்பேன். சுகந்தி கிளினிக்குக்குப் போவதா இல்லையா என்று அவள் வாயால் சொல்லட்டும், அவள் சொல்வதுதான் நடக்கும். படத்தின் கீழே வதனி என்று எழுதி மாட்டு. மதுராவின் தலைமயிர் வளரும், அதற்கு அவசரமில்லை. அவசரம் ஒன்றுக்குத்தான். இதை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், பிள்ளையை அவளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிடு. மதுரா என்று கூப்பிடு. அவள் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தால் விட்டுவிடாதே, திரும்பவும் கூப்பிடு. "ஓம் அப்பா" என்று அவள் வாயால் நீ கேட்கும்வரை கூப்பிடு.

உன் அம்மா